உளுந்து வாங்கப் போன ஆறு நாள்

முதல் நாள்: கல்லணை

காங்கேயத்தில் நானும் வீட்டுக்காரரும் அப்பளம் போட்டு விற்கிறோம். எங்களோடு ஏழு பெண்கள். கம்பெனி என்று போர்டு வைத்திருக்கிறோமே தவிர, வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, மாவு பிசைய ஒரு மெஷின், மொட்டை மாடி, அவ்வளவுதான். வெயில் இருக்கும்வரை கவலையில்லை. ஐப்பசி பிறந்தால் போச்சு. தீபாவளி, கார்த்திகை, முகூர்த்தம் என்று ஆர்டர் கொட்டுகிற நேரத்தில்தான் மழையும் கொட்டும். போன வருஷம் பதினேழு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உலர்த்தும் மெஷினுக்கு விலை கேட்டதில் ஐந்தே முக்கால் லட்சம் என்றார்கள். எங்களிடம் இருந்தது ஒன்றரை. கடன் கேட்டுப் போன இடத்தில், "அப்பளத்தை வெயில்லதானேம்மா காய வைப்பாங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

சரி, செலவையாவது குறைப்போம் என்று கிளம்பினேன். அப்பளத்துக்கு உயிர் உளுந்து. மண்டி, கமிஷன், லாரி வாடகை என்று நாலு கை மாறி வருவதை விளைகிற இடத்திலேயே வாங்கினால் என்ன? பங்குனியில் டெல்டாவில் உளுந்து அறுப்பு தொடங்கிவிடும். "போய்ட்டு வா. ஆனா சும்மா ஊர் சுத்திட்டு வந்துடாத" என்றார் வீட்டுக்காரர். இரண்டையும் செய்வதாகத்தான் உத்தேசம். படுக்கும் முன் தினமும் நாலு வரி எழுதிப் போடுகிறேன்.

திருச்சியில் இறங்கி நேராகக் கல்லணைக்கு பஸ். மேட்டூர் தை மாதமே மூடியாகிவிட்டது. ஆறு முழுக்க மணல், அங்கங்கே குட்டையாகத் தண்ணீர். அதுவும் நல்லதுக்குத்தான். தண்ணீர் ஓடினால் எல்லாரும் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள், அணையைப் பார்க்க மாட்டார்கள்.

கரிகாலன் கட்டியது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். எப்படிக் கட்டினார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. காவிரியில் தோண்டத் தோண்ட மணல். அஸ்திவாரத்துக்குப் பாறை தேடினால் கிடைக்காது. பெரிய பெரிய கல்லாகக் கொண்டுவந்து ஆற்றில் இறக்கினார்கள். தண்ணீர் அடியில் இருக்கும் மணலை அரிக்க அரிக்கக் கல் உள்ளே இறங்கும். அதன்மேல் அடுத்த கல். இறங்குவது நிற்கும்வரை போட்டுக்கொண்டே இருந்தார்கள். கல் புதைகிறதே என்று பதறாமல், புதைவதையே வேலையாள் மாதிரி சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் இந்த அணையைப் பார்த்துத்தான் மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைப் புரிந்துகொண்டார். 1836இல் கொள்ளிடத்தில் அவர் எழுப்பிய மேலணைக்கும் கீழணைக்கும் இதுதான் பாடம்.

அணைக்கு எதிரே ஒரு தள்ளுவண்டியில் சோளக்கதிர் சுட்டுக்கொண்டிருந்தார் ஒரு தம்பி. அடுப்புக்குப் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பழைய கம்ப்யூட்டரைப் பிரித்தால் உள்ளே இருக்குமே, அது. ஒயர் வண்டிக்கு அடியில் இருந்த பைக் பேட்டரிக்குப் போனது. சூடு பட்டு உருகாமல் இருக்க விசிறிக்கும் கரிக்கும் நடுவில் ஒரு சாண் இரும்புக் குழாய்.

"இதுக்கு முன்னாடி என்ன பண்ணுனீங்க தம்பி?"

"விசிறிமட்டைதாங்க்கா. சாயந்திரம் தோள்பட்டை கழண்டுரும்."

விசிறி எவ்வளவு என்று கேட்டேன். பழைய இரும்புக் கடையில் முப்பது ரூபாய். நோட்டைத் திறந்து முதல் வரியாக இதைத்தான் எழுதினேன். கரிகாலன் இரண்டாம் வரி.

இரண்டாம் நாள்: திருவையாறு, பாபநாசம்

ராத்திரி தங்கிய லாட்ஜில் குழாயில் தண்ணீர் வரவில்லை. காவிரி டெல்டாவில் வந்து ஒரு வாளித் தண்ணீருக்கு மாடிப்படி இறங்கினேன் என்று யாரிடம் சொல்ல.

திருவையாற்றில் பூக்கடைத் தெருவில் அரை மணி நேரம் நின்றேன். மாலை கட்டுகிற பெரியவர் முன்னால் ஒரு சட்டி, அதில் ஊறிய வாழை நார். பழம் வெட்டி, இலை வெட்டி, தண்டும் எடுத்த பிறகு மிஞ்சும் மட்டையை உரித்த நார். நூல் கண்டும் பக்கத்தில் இருந்தது. "ஏன் நூல்ல கட்டல?" என்றால், "நாரு ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும்மா. நூலு பூவை அறுத்துரும்" என்றார். விலை குறைவு என்பதற்காக நார் இல்லை, வேலைக்கு அதுதான் சரி. இந்த வித்தியாசத்தை ரெண்டு கோடு போட்டுக் குறித்துக்கொண்டேன். மலிவு என்று நாம் ஒட்டுப்போடும் பாதி சாமான் ஒரு மாதம் தாங்காது.

அங்கிருந்து பாபநாசம். ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, கொடிக்காலுக்குள் காலை வைத்தால் ஆடி மாதம். வெற்றிலை படர்வதற்குக் கம்பு நடுவதில்லை, அகத்தி விதைத்துவிடுகிறார்கள். அகத்தி வளர வளரக் கொடியும் ஏறுகிறது. கம்பு என்றால் உளுத்துப்போகும், மாற்ற வேண்டும். அகத்தி நிழல் கொடுக்கும், காற்றைத் தடுக்கும், தழையைக் கழித்தால் ஆட்டுக்குத் தீனி, கீரைக்காரியிடம் கொடுத்தால் காசு. பறித்த இலையை நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டி, வாழைச் சருகு விரித்த கூடையில் அடுக்கித் தண்ணீர் தெளிக்கிறார்கள். குளிர்பதனப் பெட்டி அதுதான்.

பஸ்ஸுக்காக நின்ற பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட்டுகள் தோரணமாகத் தொங்கின. குறைந்த காசில் தொழில் என்று பேச்செடுத்தால் எல்லாரும் காட்டுகிற உதாரணம் இது. கொள்ளிடம் தாண்டி வடக்கே கடலூரில்தான் ஆரம்பம். பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஒரு தலைக்குளியலுக்கு வாங்கட்டும் என்று சின்னி கிருஷ்ணன் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கி 'சிக்' ஷாம்பு கொண்டுவந்தார். எந்தக் கம்பெனி காலிப் பாக்கெட்டானாலும் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். சனங்கள் பழகிய பிறகு, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். அடுத்தவன் செலவில் வாடிக்கையாளரைத் தேடிப்பிடித்த மாதிரி. கெட்டிக்காரத்தனம்தான், நானும் ஐந்து ரூபாய் அப்பளப் பாக்கெட் போடுகிறவள்தான், குறை சொல்ல வாயில்லை. ஆனால் கடைக்கு எதிரே ஓடிய வாய்க்காலின் மதகில் அடைத்துக்கொண்டு கிடந்தவையும் இதே பாக்கெட்டுகள். மதகைக் குத்திவிடுகிற செலவு யார் கணக்கிலும் ஏறவில்லை.

சாயந்திரம் அறுத்த வயலில் வாத்துக் கூட்டம். எண்ணூறு இருக்கும் என்றார் மேய்ப்பவர். அறுவடையில் சிந்திய நெல், நத்தை, பூச்சி, இவைதான் தீனி. வயல்காரருக்கு நத்தை ஒழிந்தது, எருவும் விழுந்தது. ராத்திரி நைலான் வலையை வளைத்துக் கட்டிப் பட்டி. விடியும்போது முட்டை பொறுக்கினால் வியாபாரி வந்து எடுத்துப் போகிறார், கேரளாவுக்கு. வயல் இல்லை, கொட்டகை இல்லை, தீவனச் செலவு பூஜ்யம் என்று நோட்டில் எழுதினேன். அப்புறம் அந்தப் பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளைக் குச்சியில் போர்த்திய கூடாரத்தைப் பார்த்தேன். உள்ளே அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகிற வயசில் ஒரு பையன். மாதக்கணக்கில் இப்படித்தான். போன மாதம் பாம்பு வந்ததாம். பூஜ்யத்தை அடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள்: சுவாமிமலை

சாமி கும்பிட்டுவிட்டு ஒரு ஸ்தபதியின் பட்டறைக்குப் போனேன். உட்கார வைத்து மோர் கொடுத்தார். அப்பளம் போடுகிறவள் என்றதும், "அப்ப நீங்களும் அச்சு இல்லாம வட்டம் போடுற ஆளுதான்" என்றார். இல்லீங்க, நாங்க அச்சுதான் வெச்சிருக்கறமுங்க என்றேன். என் 'ங்க'வைக் கேட்டு உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பையன் சிரித்தான்.

அளவெடுக்க அவர் கையில் வைத்திருந்தது தென்னோலை நறுக்கு. ஒடியோலை என்று பெயர். செய்யப்போகும் விக்கிரகம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்கு ஈர்க்கு நீக்கிய ஓலையை நறுக்கிக்கொள்கிறார். பிறகு அதை மடிக்கிறார். பாதி, பாதியில் பாதி, அதிலிருந்து முகம், மார்பு, தொடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மடிப்பு. நகத்தால் அழுத்தினால் ஓலையில் கோடு விழுந்துவிடுகிறது. உத்தம தச தாலம் என்ற அளவுமுறையில் மொத்த உயரம் 124 பங்கு. அந்தக் கணக்கு முழுவதும் அந்த ஓலைக்குள் அடங்கிவிடும். ஓரடி விக்கிரகத்துக்கும் ஆறடி விக்கிரகத்துக்கும் சூத்திரம் ஒன்றே, ஓலைதான் வேறு. இஞ்ச், சென்டிமீட்டர் எதுவும் வேண்டாம். எண் எழுதப் படிக்கத் தெரியாத கைக்கும் வேலை பிசகாது. வேலை முடிந்ததும் அடுப்பில் போடலாம். நான் அதை வாங்கி விரலிடுக்கில் வைத்துப் பார்த்தேன். காற்று மாதிரி இருந்தது.

மெழுகில் உருவம் செய்கிறார்கள். தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் கடலை எண்ணெய். அதன்மேல் காவிரி வண்டலை, கருக்கி அரைத்த உமியும் சாணமும் சேர்த்துப் பூசுகிறார்கள். முதல் பூச்சு அவ்வளவு மெல்லியது, மெழுகில் இருக்கும் ரேகை வரை மண்ணில் பதிந்துவிடும். அப்புறம் வயல் களிமண், அதற்கு மேல் மணல் கலந்த மண். காய வைத்துச் சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே வருகிறது. அதைப் பிடித்து அடுத்த விக்கிரகத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். உலோகம் எவ்வளவு உருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? மெழுகை முதலிலேயே நிறுத்து வைத்திருப்பார்கள். அதைப்போல எட்டு ஒன்பது மடங்கு உலோகம். குறைந்தால் வார்ப்பு பாழ், கூடினால் பஞ்சலோகம் வீண்.

இந்தப் பக்கத்து வண்டல்தான் இதற்குப் பொருத்தம் என்கிறார் ஸ்தபதி. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்காரர்களும் இதையேதான் சொல்வார்கள் என்றார். ஆற்றில் மணல் அள்ளி அள்ளி நல்ல வண்டல் கிடைப்பது அரிதாகிவிட்டது என்று ஒரு பெருமூச்சும் விட்டார். ஆற்று மண் இலவசம் என்று நினைத்துத்தானே இத்தனை காலம் எல்லாரும் அள்ளினார்கள்.

நான்காம் நாள்: மயிலாடுதுறைக்குக் கிழக்கே

இன்றைக்குத்தான் வந்த வேலை. ஆடுதுறையில் பஸ் நிற்கும்போது நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் தெரிந்தது. 1922இலிருந்து இருக்கிறது. நெல் பெயர்களில் வருகிற ஏடிடி என்பது இந்த ஊர்தான். நான் தேடி வந்ததும் இங்கே உருவான ரகம்தான், ஆடுதுறை 3, நெல் அறுத்த தரிசுக்கென்றே வந்த உளுந்து.

ஊர் பெயர் வேண்டாம். காலை ஆறு மணிக்கு வயலுக்கு வந்துவிடுங்கள் என்று போனில் சொல்லியிருந்தார் அந்த அண்ணன். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று போன பிறகுதான் தெரிந்தது. பனி ஈரம் இருக்கும்போதே செடியைப் பிடுங்கியாக வேண்டும். வெயில் ஏறினால் முற்றிய காய் வெடித்து உளுந்து மண்ணில் சிதறிவிடும். ஒன்பது பெண்கள் குனிந்த தலை நிமிராமல் பிடுங்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

"எப்பண்ணே விதைச்சீங்க?"

"விதைக்கிறதா? தெளிச்சதுதான். தை மாசம், சம்பா நிக்கிறப்பவே."

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சம்பா அறுப்புக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்னால், நெற்பயிர் நின்றுகொண்டிருக்கும்போதே, உளுந்தை அதன் ஊடாக வீசித் தெளித்துவிடுகிறார்கள். ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ. அப்போது வயல் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் விதை அழுகும், காய்ந்து வெடித்தால் முளைக்காது. அந்த அண்ணன் ஒரு பிடி மண்ணை எடுத்துக் காட்டுவதுபோல் கையைக் குவித்தார். "கால் வச்சா தடம் பதியணும், ஆனா காலோட மண்ணு வரக்கூடாது." நெல் அறுப்பதற்குள் உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும். அதன் பிறகு உழவு இல்லை, பாத்தி இல்லை, பாசனம் இல்லை. நெல்லுக்குப் பாய்ச்சிய தண்ணீரில் மண் பிடித்து வைத்த ஈரமும் ராத்திரிப் பனியும் போதும். அறுபத்தைந்து, எழுபது நாளில் விளைச்சல். வேர் முடிச்சில் தழைச்சத்து மண்ணுக்கே மிச்சம்.

செலவு என்று பார்த்தால் விதை, பூக்கும் பருவத்தில் ஒரு தெளிப்பு, பிடுங்கும் கூலி. தெளிப்பும் என்னவென்றால், நாலு கிலோ டிஏபி உரத்தை முதல் நாள் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, இருநூறு லிட்டர் ஆகிற அளவுக்குத் தண்ணீர் சேர்த்து ஏக்கருக்கு அடிப்பது. இரண்டு சதவீதக் கரைசல். பூ உதிராமல் காய் பிடிக்க.

கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது. அண்ணன் சிரித்தார். "எல்லாம் சரிதான். இப்ப மெஷின் வந்துருச்சே."

நெல் அறுக்கும் இயந்திரம் இறங்கினால் அதன் பெல்ட் முளைத்த உளுந்தை நசுக்கிவிடுகிறது. ஆள் விட்டு நெல் அறுத்தால் உளுந்து பிழைக்கும், ஆனால் கூலி கட்டாது, ஆளும் கிடைக்காது. மெஷின் போன பிறகு தெளிக்கலாம் என்றால் அதற்குள் பதம் தப்பிவிடும். ஒன்றில் மிச்சம் பிடிக்கப் போனால் இன்னொன்றில் விழுகிறது. அவர் பல வருஷம் இரண்டுக்கும் நடுவில் தவித்துவிட்டு இப்போது ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். மொத்தம் பன்னிரண்டு மா. (மூன்று மா ஒரு ஏக்கர்.) அதில் பதம் நன்றாக நிற்கும் தாழ்வான ஐந்து மாவுக்கு மட்டும் உளுந்து, அங்கே நெல் அறுப்பு ஆள் விட்டு. மீதி ஏழு மாவுக்கு மெஷின். "எல்லாத்துலயும் போட்டு எல்லாத்துலயும் நட்டப்பட்டதுக்கு இது தேவலாம்" என்றார். பயணம் முழுக்க நான் கேட்ட பேச்சிலேயே இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. புதுசாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, எங்கே விட்டுக்கொடுப்பது என்று கண்டுபிடித்திருக்கிறார்.

பிடுங்கிய செடி காய்ந்ததும் தார் ரோட்டுக்கு வருகிறது. ரோட்டில் பரப்பிவிட்டால் டவுன் பஸ், லாரி, டிராக்டர் எல்லாம் ஏறி மிதித்துத் தாளடித்துக் கொடுத்துவிடும், வாடகை இல்லாமல். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் டூவீலரில் வந்து சரட்டென்று வழுக்கி விழுந்தான். நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு போயிற்று. ஓர் அக்கா ஓடிவந்து மஞ்சள் வைத்துவிட்டார். பையன், "வருஷா வருஷம் இதே பொழப்புதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

நான் ஒரு பிடி உளுந்தை அள்ளி ஒன்றை வாயில் போட்டுக் கடித்தேன். டக்கென்று உடைந்தது. ஈரம் இருந்தால் பல்லில் அப்பும். உரசிப் பார்த்தேன், தோல் பளபளவென்று, உள்ளே வெள்ளை. நல்ல மாவு காணும். நாங்கள் ஊரில் வாங்குவதைவிடக் கிலோவுக்கு ஆறு ரூபாய் குறைவாகப் படிந்தது. லாரி வாடகை போனாலும் மூன்று நிற்கும். ஐந்து மூட்டை சொன்னேன்.

எடை போட அண்ணன் பக்கத்து ரைஸ்மில்லுக்குக் கூட்டிப்போனார். பழைய மில். நெல் அவிக்கிற பாய்லருக்கு எரிபொருள் அந்த நெல்லின் உமியேதான். அரைத்து வெளியே வருவது பின்பக்கமாக அடுப்புக்குள் போகிறது. பாய்லர் அறையின் வெளிச்சுவரில் ஆணி அடித்துக் கொடி கட்டி, நனைந்த சாக்கும் வேலைக்காரப் பெண்களின் துணியும் காயப்போட்டிருந்தார்கள். கீழே ஒரு முறத்தில் யாரோ வைத்த வடகம். மேகமூட்டமான நாள்தான். வடகம் மொறமொறவென்று காய்ந்திருந்தது.

சுவரில் கையை வைத்தேன். வைத்த கையை எடுக்கத் தோன்றவில்லை.

காங்கேயத்தில் எங்கள் கொட்டகைக்குப் பின்சுவர் ஒரு ரைஸ்மில்லின் பாய்லர் அறைச் சுவர். கோடையில் அந்தப் பக்கம் நிற்க முடியாது. உமிச் சாம்பல் எங்கள் மொட்டை மாடிக்கு வந்து அப்பளத்தில் விழுகிறது என்று ஒன்பது வருஷமாக அந்த முதலாளியோடு சண்டை.

ஐந்தாம் நாள்: தரங்கம்பாடி

உளுந்து லாரி ஏற ஒரு நாள் ஆகும் என்றார்கள். கடலைப் பார்க்கப் போனேன். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை, காற்று, வெயில். கோட்டையைவிட எனக்கு அங்கே நடந்த அச்சு வேலையின் கதை பிடிக்கும்.

சீகன்பால்கு 1706இல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலே ஊரில் செய்த தமிழ் எழுத்துகளும் வந்தன. எழுத்து ரொம்பப் பெரிது. அந்த அளவில் அடித்தால் இருந்த காகிதம் போதாது. கப்பலில் அடுத்த காகிதம் வர எத்தனை மாதமோ. ஆட்லர் என்ற அச்சுக்காரர் எழுத்தைச் சிறிதாக வார்க்க முடிவெடுத்தார். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து அவர்களுக்குச் சாப்பிட வந்த செஷைர் சீஸ், ஈய உறையில் அடைத்து வந்திருந்தது. அதை உருக்கித்தான் எழுத்து வார்த்தார்கள் என்று அச்சு வரலாற்றில் சொல்கிறார்கள். புதிய ஏற்பாடு 1714, 15இல் அச்சேறியது. பக்கத்திலேயே பொறையாற்றில் காகிதம் செய்யவும் ஓர் ஆலை தொடங்கிப் பார்த்தார்கள்.

நான் யோசித்தது அந்த உறையை முதலில் உற்றுப் பார்த்த ஆளைப் பற்றி. சீஸ் தீர்ந்து எத்தனை நாள் அது மூலையில் கிடந்ததோ. தினமும் அதைத் தாண்டித்தானே அச்சுக்கூடத்துக்குப் போயிருப்பார்கள்.

கடற்கரைத் திண்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, இன்னைக்கு ராத்திரி ரெண்டு தட்டு ஈர அப்பளத்தைக் கொட்டகைக்குப் பின்னால, மில்லுச் சுவரோரமா வெச்சுப் பாருங்க."

"எதுக்கு? அங்க சாம்பல் கொட்டுமே."

"கொட்டகைக்குள்ளதானுங்க. சுவரை ஒட்டி. ரெண்டடி தள்ளி ஒண்ணு வைங்க, ஓரடில ஒண்ணு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "வெயில்ல தலை சுத்துதா உனக்கு?" என்றார்.

ஆறாம் நாள்: திருத்துறைப்பூண்டி

ஊருக்குத் திரும்பும் முன் ஆதிரெங்கம் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. நெல் ஜெயராமன் 2006இல் நெல் திருவிழா தொடங்கிய இடம். அவர் 2018 டிசம்பரில் காலமாகிவிட்டார். 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அவர் வைத்திருந்த கணக்குதான் ஆச்சரியம். திருவிழாவுக்கு வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதை இலவசம். அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பாங்கில் நூற்றுக்கு நூறு வட்டி என்றால் அடிக்க வருவோம். இங்கே யாருக்கும் அது வலிக்கவில்லை, இரண்டு கிலோ விதை நாலு கிலோவாவதற்கு வயலில் ஒரு மூலை போதுமே. பணமே புழங்காமல் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் ஊர் ஊராகப் போய்விட்டன.

பக்கத்து ஊரில் ஓர் அக்கா விதை தேர்வு செய்து காட்டினார். இப்போது விதைக்கிற பருவம் இல்லை, எனக்காகத்தான். வாளித் தண்ணீரில் ஒரு நாட்டுக்கோழி முட்டையைப் போட்டார். அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கல்லுப்பைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கலக்கினார். முட்டை அசைந்தது, செங்குத்தாக நின்றது, மெல்ல மேலே வந்து தலையைக் காட்டியது. பழைய நாலணா அகலத்துக்கு முட்டை வெளியே தெரிந்ததும் உப்பு போதும் என்றார். இப்போது விதைநெல்லைக் கொட்டினால் பதர் எல்லாம் மிதக்கும், முற்றிய நெல் மட்டும் அடியில். மிதப்பதை அரித்து எறிந்துவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் உப்பு போக அலசுகிறார்கள்.

"முட்டை என்னக்கா ஆகும்?"

"சாயந்திரம் கொழம்புக்கு."

மன்னார்குடி போகும் பஸ்ஸில் வீட்டுக்காரர் போட்டோ அனுப்பியிருந்தார். இரண்டு அப்பளம், அவர் உள்ளங்கையில். ஓரடியில் வைத்தது வாழைப்பூ மடல் மாதிரி சுருண்டிருந்தது. இரண்டடியில் வைத்தது பரவாயில்லை, ஒரு ஓரம் மட்டும் தூக்கியிருந்தது. கூப்பிட்டேன்.

"காஞ்சிருச்சுங்களா?"

"காஞ்சிருச்சு. ஆனா லேசா உமிப்புகை வாசம் அடிக்குது. செல்விகிட்டக் காட்டுனேன், மேல மல்லுத் துணி போட்டு மூடி வெச்சா சரியாப் போகும்ங்கறா. மெதுவாக் காயணுமாம், அப்பத்தான் சுருளாதாம்."

செல்விக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பதினேழு நாள் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"சுவத்துல ரெண்டு ஓட்டை போட்டு, அந்தப் பக்கச் சூட்டை ஒரு குழாய் வெச்சு உள்ள இழுத்தா நல்லா இருக்குமுங்க" என்றேன். கல்லணைத் தம்பியின் விசிறிதான் கண் முன்னால் சுற்றியது.

"இருக்கும். சுவரு அவங்களுது."

"நீங்க போய் ஒரு வார்த்தை கேளுங்க."

"நானா? ஒம்பது வருஷமாச் சண்டை போட்டது நீதான. நீயே வந்து பேசிக்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.